லண்டன் பைரேட் ரேடியோ: எல்லாம் மொட்டைமாடியில நடந்த கதை

2024 பெப்ரவரி 3, வாசகர் கேள்வி

லண்டன் பைரேட் ரேடியோவைப் பற்றி இப்ப ஆளாளுக்குப் புகழ்ந்து எழுதுகினம். புரட்சியாம், கலையாம். என்ர பார்வையில அது லைசென்ஸ் இல்லாமல் அலைவரிசையைக் களவெடுத்து, விடிய விடிய ஆடுற பார்ட்டிக்கு விளம்பரம் போட்ட கூட்டம். இணையம் வந்தோட செத்தும் போச்சு. இதில என்ன பெருமை? அந்தக் காலத்தில லண்டனில இருந்த ஆக்கள் ஆரும் இருந்தால் சொல்லுங்கோ.

பெப்ரவரி 3, இரவு

இருந்தனான். தொண்ணூறுகளின்ர கடைசி, கிழக்கு லண்டன். முதல் பெற்றோல் ஸ்டேசனில இரவு வேலை, பேந்து லிஃப்ட் திருத்திற ஆக்களுக்கு உதவியாள். முதல் வேலையில இந்தச் சாமானைக் காதால கேட்டனான், ரெண்டாவதில கண்ணால கண்டனான். அதால கொஞ்சம் நீட்டி எழுதுவன்.

களவு எண்டதில எனக்கு உங்களோட சண்டையில்லை. என்னத்தைக் களவெடுத்தவங்கள் எண்டதில தான் சண்டை. அலைவரிசை எண்டு சொல்லுறியள். அதை ஒருத்தரும் வீட்டை கொண்டுபோகேல்லை. அவங்கள் எடுத்தது மொட்டைமாடி. அதுக்குப் போற கதவு, லிஃப்ட் மோட்டார் அறை, அந்த அறையின்ர கரண்ட். புகழுற கட்டுரையிலயும் இது வராது, திட்டுற கட்டுரையிலயும் வராது. இப்ப வேலைக்குப் போறன், நாளைக்கு மிச்சம்.

பெப்ரவரி 4

இரவு பத்துக்குப் பிறகு கடைக் கதவைப் பூட்டிப்போட்டு, கண்ணாடிக்குக் கீழ இருக்கிற தட்டால காசு வாங்கிறதும் சிகரெட் தள்ளுறதும் தான் வேலை. அந்த நேரம் லண்டன் பெற்றோல் ஸ்டேசன்களில இரவு வேலை செய்த எங்கட பெடியள் எத்தினை பேர் எண்டு இங்க வாசிக்கிற பாதிப்பேருக்குத் தெரியும். பகலில படிப்பு அல்லது இன்னொரு வேலை, இரவில கண்ணாடிக்கூடு.

கவுண்டருக்குக் கீழ ஒரு பழைய ரேடியோ கிடந்தது. சட்டப்படி நடக்கிற ஸ்டேசன்கள் இரவு ரெண்டு மணிக்கு என்ன போடுவினம்? பகல் போட்ட பாட்டைத் திருப்பிப் போடுவினம். முள்ளைக் கொஞ்சம் அசைச்சால் கதை வேற. வெள்ளி, சனி இரவுகளில எஃப்எம்மில 88க்கும் 108க்கும் இடையில இருந்த ஒவ்வொரு இடுக்கிலயும் ஒருத்தன் கத்திக்கொண்டிருப்பான். ஜங்கிள், கராஜ், ரெகே எண்டு விதவிதமான இசை, அதுக்கு நடுவில ஆபிரிக்கப் பாஸ்டர் ஒருத்தரின்ர செபம். அவங்கள் கதைக்கிற இங்கிலீசில கால்வாசி கூட எனக்கு விளங்கேல்லை. விளங்கின ஒண்டு, அவங்கள் வணக்கம் சொல்லுற ஆக்கள். டாக்சி ஓட்டுறவை, ஆசுப்பத்திரியில இரவு வேலை செய்யிறவை, பாண் சுடுறவை. அந்த நேரத்தில முழிச்சிருக்கிற சனத்துக்குத் தான் அந்த நிகழ்ச்சி. வேற ஆரும் எங்களை அப்பிடி எண்ணினதாத் தெரியேல்லை.

மிஸ்ட் கோல் கதை தெரியுமோ? ஸ்டேசனுக்கு ஒரு கைத்தொலைபேசி நம்பர் இருக்கும். பாட்டுப் பிடிச்சால் அடிச்சிட்டு உடன வைக்கவேணும். காசு போகாது. அறிவிக்கிற பெடியன் திரையில விழுற நம்பரின்ர கடைசி மூண்டு இலக்கத்தை மட்டும் வாசிப்பான். கோல் கனக்க விழுந்தால் அந்தப் பாட்டைத் தொடக்கத்தில இருந்து திரும்பப் போடுவாங்கள். ஊரில காசு மிச்சம் பிடிக்க நாங்கள் செய்த அதே வேலை, இங்க வாக்கெடுப்பா நடந்தது. ஒருநாள் நானும் அடிச்சனான். கொஞ்ச நேரத்தில என்ர மூண்டு இலக்கமும் காத்தில வந்தது. வெளியில ஒருத்தன் டீசல் அடிச்சிட்டுக் காசோட நிக்கிறான், நான் உள்ளுக்க இருந்து சிரிக்கிறன்.

பெப்ரவரி 4, பின்னேரம்

கீழ ஒரு அண்ணை எழுதியிருக்கிறார், "பைரேட் ரேடியோ எண்டது கப்பலில நடந்தது, 67ஓட முடிஞ்சுது, பிறகு வந்தது எல்லாம் சில்லறை" எண்டு. அண்ணை, முதல் பாதி சரி. ரேடியோ கரோலைன் 1964 ஈஸ்டருக்கு கிழக்கு இங்கிலாந்துக் கரைப் பக்கம், பிரிட்டனின்ர கடல் எல்லைக்கு வெளியில கப்பலை நிப்பாட்டித் தொடங்கினது. 1967 ஆகஸ்டில சட்டம் போட்டுக் கப்பல்களை அடக்கினவை. அடுத்த மாதம், செப்ரெம்பர் 30, பிபிசி ரேடியோ 1 தொடங்குது. அதில முதல் நிகழ்ச்சி நடத்தினது டோனி பிளாக்பேர்ன். ஆள் கரோலைன் கப்பலில இருந்தவர். பிடிச்சு அடைக்கிறது, பிறகு அதையே தான் செய்யிறது. இந்தப் பழக்கம் அங்கயே தொடங்கீட்டுது.

முடிஞ்சுது எண்டது தான் பிழை. கப்பல் போனது, சாமான் கரைக்கு வந்தது. லண்டனுக்குத் தென்மேற்கில ரேடியோ ஜாக்கி 1969இல தொடங்கினது. ரேடியோ இன்விக்டா 1970இல, சோல் இசைக்கெண்டே. லண்டனில சட்டப்படியான முதல் தனியார் ஸ்டேசன்கள், எல்பிசியும் கேப்பிட்டலும், 1973 ஒக்ரோபரில தான் வந்தது. அதாவது அனுமதி வாங்கினவைக்கு முதலே அனுமதி இல்லாதவை நகரத்துக்குள்ள நிக்கினம்.

கிங்ஸ்டன் பக்கம் இருக்கிற எங்கட ஆக்கள் இப்பவும் காரில 107.8இல கேட்கிற ரேடியோ ஜாக்கி அதே ஜாக்கி தான். 1985இல அதிகாரிகள் வந்து மூடினவை. 2003இல லைசென்ஸோட திரும்ப வந்தது. பிள்ளையளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோகேக்க அதில போக்குவரத்து நிலவரம் கேட்கிற சனத்துக்கு இந்தக் கதை தெரியாது.

பெப்ரவரி 6

லிஃப்ட் வேலைக்கு வருவம்.

கவுன்சில், அதாவது உள்ளூர் நகரசபை, கட்டின அடுக்குமாடி, இருபதுக்குக் கிட்ட மாடி. பழைய கட்டடங்களில லிஃப்ட் மோட்டார் அறை உச்சியில தான் இருக்கும். கடைசி மாடியில இருந்து சின்னப் படி, மேல ஒரு இரும்புக் கதவு. எங்களிட்டத் தந்த சாவி அந்தப் பூட்டுக்குச் சேரேல்லை. பூட்டு புத்தம் புதுசு. கவுன்சிலும் மாத்தேல்லை, நாங்களும் மாத்தேல்லை. என்னோட வந்த பெரியாள் ஒரு ஐரிஷ் மனுசன். ஒண்டும் கதையாமல் கீழ போய் வெட்டுற மெசினை எடுத்துக்கொண்டு வந்தார். அவருக்கு உது புதுசில்லை.

உள்ளுக்க மோட்டார், பக்கத்தில கட்டுப்பாட்டு அலுமாரி. அலுமாரிக்குப் பின்னால இருந்து ஒரு வெள்ளை வயர். நாங்கள் போடாத வயர். சுவரோட ஒட்டி, ஒரு சாணுக்கு ஒரு கிளிப் அடிச்சு, மூலையில வடிவா மடிச்சு இழுத்திருந்தது. எங்கட கொம்பனியே இப்பிடி வேலை செய்யாது எண்டு ஐரிஷ்காரர் சொன்னார். வயர் போய் முடிஞ்ச இடம் காத்துப்போக்கிக் குழாய். அதுக்குள்ள கையை விட்டால் ஒரு அலுமினியப் பெட்டி, அது தான் ட்ரான்ஸ்மிற்றர், கட்டித் தொங்கவிட்டுக் கிடக்கு. பின்பக்கம் செதில் செதிலாச் சூடு ஆத்துற தகடு, அதில ஒரு சின்ன விசிறி, விசிறிக் கம்பியில புறா இறகு. தொட்டால் கொதிக்குது. பாட்டுச் சத்தம் ஒண்டும் இல்லை. அரைவாசி லண்டன் கேட்டுக்கொண்டிருக்கிற சாமான், கிட்ட நிண்டால் விசிறி மட்டும் தான் கேட்குது. வெளியில மொட்டைமாடியில, சாரம் கட்டுற குழாயில செப்புக்கம்பி ஏரியல் ஒண்டு, பிளாஸ்டிக் பட்டியால இறுக்கிக் கட்டியிருந்தது.

பாட்டுப் போடுற ஆக்கள் அந்தக் கட்டடத்திலயே இல்லை. ஸ்டுடியோ ஒரு மைல், ரெண்டு மைல் தள்ளி ஆற்றையோ வீட்டுக் குசினி, அல்லது கடைக்குப் பின்னறை. அங்க இருந்து இந்தப் பெட்டிக்குச் சின்ன அலையில ஒரு இணைப்பு வரும். லிங்க் எண்டுவாங்கள். முந்தி சாதாரண வானொலி அலை, பிறகு மைக்ரோவேவ், அகச்சிவப்பு எண்டு கூடப் போனவங்கள். காரணம் ஒண்டு தான். அதிகாரி ஏரியலைத் தேடிப் பிடிச்சால் பெட்டி மட்டும் அம்பிடும், ஆள் அம்பிடமாட்டான். பெட்டி சில நூறு பவுண். அடுத்த கிழமை இன்னொரு பெட்டி ஏறும்.

ஏன் உச்சி மாடி எண்டு கேட்கிற பிள்ளையளுக்கு: எஃப்எம் அலை கிட்டத்தட்ட கண் பார்வை போற தூரத்துக்குத் தான் போகும். 60 மீட்டர் உயரத்தில நிண்டால் தொடுவானம் ஏறத்தாழ 28 கிலோமீட்டர். அதனால வாட் கூட்டுறதை விட மாடி கூட்டுறது லாபம். நூறு வாட்டும் இருபது மாடியும் இருந்தால் காணும். நிலத்தில ஆயிரம் வாட் வச்சாலும் பக்கத்துக் கட்டடத்தில முட்டி நிக்கும். லண்டன் கவுன்சில்கள் அறுபதுகளில ஏழைச்சனத்துக்கெண்டு கட்டின வீடுகள், தெரியாத்தனமா இவங்களுக்குக் கோபுரமாப் போச்சு.

பெப்ரவரி 6, கொஞ்சம் பிந்தி

"நீங்கள் காட்டிக்குடுத்தனீங்களோ?" எண்டு மூண்டு பேர் கேட்டிட்டியள். கவுன்சிலுக்கு அறிவிச்சது பெரியாள், அது விதி. நாங்கள் பெட்டியைத் தொடேல்லை. வயரில ஏதும் பொறி வச்சிருப்பாங்கள் எண்ட பயம் அந்தத் தொழிலில எல்லாருக்கும் இருந்தது.

பிறகொருக்கா அங்க போகேக்க அந்தப் பெட்டி இல்லை. வேற பெட்டி, வேற இடத்தில. அதிகாரிகள் எடுத்துக்கொண்டு போயிருந்தால் இரும்புக் கதவில கவுன்சில் பூட்டு இருந்திருக்கும். இருந்தது மூண்டாவது பூட்டு. ஒரு ஸ்டேசன்காரனின்ர பெட்டியை இன்னொரு ஸ்டேசன்காரன் களவெடுத்திருக்கிறான். இது சர்வசாதாரணம். பொலிசிட்டப் போய் "என்ர களவு ட்ரான்ஸ்மிற்றரைக் களவெடுத்திட்டாங்கள்" எண்டு முறைப்பாடு குடுக்கவும் ஏலாது.

பெப்ரவரி 7

ட்ரான்ஸ்மிற்றர் எப்பிடிச் செய்யிறது எண்டு தனிமடலில கேட்ட தம்பிக்கு: சொல்லமாட்டன்.

பெப்ரவரி 9

சென்னையில இருந்து ஒரு நண்பர்: "எங்கள் ஊரில் ஏன் இப்படி ஒன்று வரவில்லை? சென்னையும் பெரிய நகரம்தானே?"

எனக்குத் தெரிஞ்ச அளவில சொல்லுறன். இந்தியாவில 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் கன காலம் எல்லாத்தையும் இறுக்கிப் பிடிச்சிருந்தது. 1995 பெப்ரவரியில உச்ச நீதிமன்றம் கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில, வானலை பொதுச்சொத்து எண்டு தீர்ப்புச் சொன்னது. அதைச் சொல்லி ஆறு வருசத்துக்குப் பிறகு, 2001இல தான் முதல் தனியார் எஃப்எம் பெங்களூரில வந்தது. சமுதாய வானொலி எண்டால் உங்கட அண்ணா பல்கலைக்கழகத்தில 2004 பெப்ரவரி 1, அண்ணா எஃப்எம், 90.4. இந்தியாவிலயே முதல் கல்லூரி வளாக வானொலி அது தான், பெருமைப்படுங்கோ. பைரேட் எண்டு பார்த்தால் பீகாரில மன்சூர்பூரில ஒரு ரேடியோ திருத்திற கடைக்காரர் ஐம்பது ரூபா செலவில ஸ்டேசன் நடத்தினார். மூங்கில் கம்பத்தில ஏரியல். ஊர்ச்சனம் கொண்டாடினது. 2006இல லைசென்ஸ் இல்லை எண்டு மூடினவை.

ஆனால் சென்னைக்கு நான் நினைக்கிற காரணம் வேற. ஆடி மாசம் தெருவுக்குத் தெரு குழாய் ஸ்பீக்கர் கட்டுற ஊரில ட்ரான்ஸ்மிற்றர் எதுக்கு? கேட்கிறவனிட்ட ரேடியோ கூடத் தேவையில்லை. நிப்பாட்டுற பொத்தானும் இல்லை.

பெப்ரவரி 10

பகிடியை விட்டிட்டு. மேல நான் எழுதினதைத் திரும்ப வாசிச்சன். மிஸ்ட் கோல், வணக்கம், சிரிப்பு எண்டு பைரேட்டுக்காரருக்கு நல்லா விளக்குப் பிடிச்சிருக்கிறன். அதே கட்டடத்தின்ர மற்றப் பக்கத்தையும் எழுதவேணும்.

உச்சி மாடியில ஒரு வயசான அம்மா இருந்தவா. நாங்கள் போனால் தேத்தண்ணி தருவா. அவவுக்கு வெள்ளிக்கிழமை பின்னேரம் தொடங்கி ஞாயிறு வரைக்கும் ரிவி வேலை செய்யாது. படத்துக்கு மேல கோடு கோடா ஓடும். கவுன்சிலுக்குச் சொன்னால் ரிவி பழசு எண்டு சொல்லுவினமாம். பிள்ளையள் புது ரிவி வாங்கிக் குடுத்தும் அதே கோடு. அவவின்ர தலைக்கு மேல, நாலு மீட்டர் தள்ளி, அந்தப் பெட்டி. மலிவான பெட்டிகளில அலையை வடிகட்டுற பாகம் சரியா இருக்காது. தன்ர அலைவரிசையில மட்டும் நிக்காமல் அதின்ர மடங்குகளிலயும் கொட்டும். ஏரியலுக்கு நேர கீழ இருக்கிற வீட்டுக்குத் தான் அதின்ர முழு வலியும்.

கரண்ட் எண்டு பார்த்தால் பெட்டி இழுக்கிறது பெரிசில்லை. பழைய குண்டு பல்பு ரெண்டு மூண்டு எரிக்கிற அளவு. பிரச்சினை அவங்கள் அதை எடுத்த இடம். கம்பி போற துவாரத்தால மழைத்தண்ணி இறங்கினால் பிரேக்கர் விழும். பிரேக்கர் விழுந்தால் லிஃப்ட் நிக்கும். ஒருக்கா அப்பிடித் தான் எங்களைக் கூப்பிட்டவை. நாங்கள் படியேறேக்க நடுவழியில ஒரு பிள்ளைத்தாச்சி, ஒரு கையில குழந்தை வண்டி, மற்றக் கையில சாமான் பை, சுவரில சாஞ்சு மூச்சு வாங்கிறா. எங்களைக் கண்டோன்ன ஏசத் தொடங்கினா. நாங்கள் தான் லிஃப்டைக் கவனிக்கேல்லை எண்டு. ஐரிஷ்காரர் தலையைக் குனிஞ்சு கேட்டுக்கொண்டு நிண்டார், விளக்கம் ஒண்டும் சொல்லேல்லை. அந்தப் பிள்ளையும் ராவில அதே ஸ்டேசனைக் கேட்டிருக்கலாம். எனக்குத் தெரியாது.

பெப்ரவரி 10, இரவு

"தீயணைப்புப் படை, விமானம் எண்டு சொல்லுறது அரசாங்கத்தின்ர பூச்சாண்டி" எண்டு ஒருத்தர். இல்லை தம்பி. 108 மெகாஹெர்ட்ஸோட எஃப்எம் முடியுது, அதே 108இல விமான வழிகாட்டி அலைகள் தொடங்குது, 118க்கு மேல விமானியும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் கதைக்கிற அலை. நடுவில வேலி ஒண்டும் இல்லை. வடிகட்டி இல்லாத பெட்டியை 107 சொச்சத்தில விட்டால் எங்க போய் விழும் எண்டு பாருங்கோ. இதில எனக்கு ரெண்டாம் கருத்தில்லை.

தண்டனையும் சின்னதில்லை. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி ரெண்டு வருசம் வரைக்கும் உள்ள போடலாம், அபராதத்துக்கு உச்சவரம்பு இல்லை. குற்றம் நிரூபிச்சால் அஞ்சு வருசத்துக்கு லைசென்ஸ் உள்ள ஸ்டேசனில வேலையும் செய்ய ஏலாது. ஆனால் எனக்குப் பிடிச்ச தண்டனை, ரின்ஸ் எஃப்எம் எண்ட பைரேட் ஸ்டேசனின்ர டிஜே ஸ்லிம்சீக்கு 2005இல விழுந்தது. நாலு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களின்ர மொட்டைமாடிக்கு அனுமதி இல்லாமல் போகக்கூடாது எண்டு நீதிமன்ற உத்தரவு. "ரேடியோ நடத்தாதே" எண்டு சொல்லேல்லை, "மாடி ஏறாதே" எண்டு சொன்னவை. நான் முதல் நாள் எழுதினது இது தான். சண்டை காத்துக்கு இல்லை, கூரைக்கு. நீதவானுக்கும் அது தெரிஞ்சிருக்கு.

பெப்ரவரி 13

லைசென்ஸ் கதை கேட்டியள். கிஸ் எஃப்எம் 1985இல பைரேட்டாத் தொடங்கினது. புது லைசென்ஸ்கள் வரப்போகுது, விண்ணப்பிக்கவேணும் எண்டால் ஒலிபரப்பை நிப்பாட்டிப்போட்டு வா எண்டு அரசாங்கம் சொன்னது. 1988 முடிய நிப்பாட்டினவங்கள். முதல் முறை கிடைக்கேல்லை, ஜாஸ் எஃப்எம்முக்குப் போனது. ரெண்டாம் முறை கிடைச்சு 1990 செப்ரெம்பர் 1 சட்டப்படி காத்தில வந்தவங்கள். பேந்து பெரிய கொம்பனி வாங்கினது, பட்டியல் போட்ட பாட்டு, பழைய டிஜேமார் ஒவ்வொருத்தரா வெளியில. ரின்ஸ் 1994இல தொடங்கி 2010இல தான் லைசென்ஸ் வாங்கினது. பதினாறு வருசம் கூரைவாசம். அந்தப் பதினாறு வருசத்துக்குள்ள தான் கிரைம் (grime) எண்ட கிழக்கு லண்டன் ராப் இசையே பிறந்தது. கிழக்கு லண்டனில போ (Bow) எண்ட இடத்துப் பெடியன், ராப் பாடுற டிஸ்ஸி ராஸ்கல், 2003இல பிரிட்டனின்ர மெர்க்குரி இசைப் பரிசு வாங்கேக்க, அவனை வளர்த்த ஸ்டேசன்கள் இன்னும் பூட்டு உடைச்சுக்கொண்டிருக்கு.

பார்ட்டிக்கு விளம்பரம் போட்டவங்கள் எண்டு முதல் கேள்வியில இருந்தது. விளம்பரத்தில சிலர் உழைச்சிருப்பினம். ஆனால் கனக்க ஸ்டேசன்களில டிஜே தான் கிழமைக் கிழமை சந்தா கட்டிப் பாட்டுப் போட்டவன். சம்பளம் வாங்கிறதில்லை, குடுக்கிறது. எங்கட ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்த ஏலாது.

பெப்ரவரி 13, தொடர்ச்சி

இதில எனக்கு நெருடுற விசயம் கிரேக்கரின்ர. லண்டன் கிரீக் ரேடியோ எண்டு ஒண்டு, வட லண்டனில சைப்பிரசில இருந்து வந்த சனத்தின்ர. எண்பதுகளில பைரேட்டா நடத்தி, 1989இல லைசென்ஸ் எடுத்து, இண்டைக்கும் 103.3இல கிடக்கு. எங்களைப் போல சண்டைக்கும் பிரிவினைக்கும் தப்பி வந்த சனம் தான். தங்கட மொழியில ஊர்ச் செய்தி கேட்கக் கூரை ஏறினவை. அதுக்கும் முதல் டிபிசி (ட்ரெட் புரோட்காஸ்ரிங் கோர்ப்பரேசன்) எண்டு கரீபியன் ஆக்கள் நடத்தினது, பிபிசியைக் கேலிபண்ணி வச்ச பேர்.

நாங்கள் ஏன் ஏறேல்லை? லண்டனில தமிழ் பைரேட் ஒண்டு என்ர காதில விழுந்ததில்லை. எங்களிட்ட வயர் வேலை தெரிஞ்சவன் இல்லையோ? ஊரில கரண்ட் இல்லாத காலம் சைக்கிள் டைனமோவைச் சுத்தி பிபிசி தமிழோசை கேட்ட சனம். யாழ்ப்பாணத்தில பழைய ரேடியோவைப் பிரிச்சுப் பூட்டாத பெடியன் ஆர்? கை இருந்தது. வீசா இல்லை. உள்துறை அலுவலகத்தில இருந்து கடிதம் வரும் வரும் எண்டு தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருக்கிறவன் கவுன்சில் கூரையில பூட்டு உடைக்கமாட்டான். பிடிபட்டால் கிரேக்கனுக்கு அபராதம், எங்களுக்குப் பிளேன். 1997இல ஐபிசி தமிழ் லண்டனில தொடங்கேக்க அது செய்மதி வழியா வந்தது. கூரையில டிஷ் பூட்ட வேண்டியது கேட்கிறவன். அது நல்லது தான், ஆனால் பெற்றோல் ஸ்டேசன் கவுண்டருக்குக் கீழ அது வராது. வேலையில இருக்கிற நேரம் எனக்கு வேற ஆற்றையோ கூரை தான் துணை.

பெப்ரவரி 17

ஒரு அக்கா அடுக்குமாடிகளைப் பற்றியே கேட்டிருந்தா. இழை விலகுது எண்டாலும் சொல்லுறன். நியூஹாமில ரோனன் பொயின்ற் எண்டு 22 மாடி. 1968 மே 16, விடியக்காலமை, 18ஆம் மாடியில ஒரு அம்மா தேத்தண்ணிக்கு அடுப்புப் பத்த வைக்க, கசிஞ்ச காஸ் வெடிச்சு, கட்டடத்தின்ர ஒரு மூலை முழுக்கச் சரிஞ்சது. நாலு பேர் செத்தவை. அந்த அம்மா தப்பினவா. பலகை பலகையா வார்த்த கொங்கிறீற்றை அடுக்கி, மூட்டுகளில நிண்ட கட்டடம் அது. அந்த மாதிரிக் கட்டடத்தில ஏறிச் சுவரில துளை போடுறவனுக்கு அது என்ன சுவர் எண்டு தெரிஞ்சிருக்குமோ? கிரென்ஃபெல் எண்ட லண்டன் அடுக்குமாடி 2017இல எரிஞ்சு 72 பேர் போன பிறகு, மொட்டைமாடிக் கதவு எண்டால் கவுன்சில்கள் சும்மா விடுறதில்லை.

அந்தக் கூரைகளில இப்ப என்ன இருக்கு தெரியுமோ? கைத்தொலைபேசிக் கொம்பனிகளின்ர ஏரியல். கவுன்சிலுக்கு வாடகை வருது. அந்த உயரத்துக்கு ஒரு விலை இருக்கு எண்டதை முதல் கண்டுபிடிச்சது பைரேட்டுக்காரன். வாடகைச்சீட்டு எழுதினது வேற ஆக்கள்.

பெப்ரவரி 18

"செத்துப்போச்சு" எண்டதுக்கு மறுமொழி. குறைஞ்சது, சாகேல்லை. பெடியள் இணையத்துக்குப் போனவங்கள். அங்க பூட்டும் இல்லை, பொலிசும் இல்லை, கேட்கிற ஆளும் கனக்க இல்லை. சின்ன அளவு டிஏபி, அதாவது டிஜிட்டல் வானொலி, எண்டு ஒலிபரப்பைக் கண்காணிக்கிற ஓஃப்கொம் 2015இல பத்து இடத்தில பரீட்சை வச்சு, 2020க்குப் பிறகு லைசென்ஸ் குடுக்குது. முந்தி பைரேட்டா நிண்டவை சிலர் இப்ப அதில சட்டப்படி நிக்கினம். தற்காலிக லைசென்ஸ் எண்டதும் இருக்கு, 28 நாள் வரைக்கும். நோன்பு மாதத்தில பள்ளிவாசல்கள் அதை எடுத்து ஒலிபரப்புவினம். எங்கட கோயில்கள் திருவிழாவுக்கு ஏன் எடுக்கேல்லை எண்டு ஆரும் நிர்வாகத்தில இருந்தால் சொல்லுங்கோ.

எஃப்எம் பைரேட் கேட்கவேணும் எண்டால் சனி இரவு ரொட்டன்ஹாம், ஹக்னி, பெக்கம் பக்கம் காரை மெதுவா விடுங்கோ. ஒரே அலைவரிசையில ரெண்டு பேர் நிண்டால் பலமானவன் மற்றவனை முழுக்க மூடிப்போடுவான், எஃப்எம்மின்ர குணம் அது. சந்தியில சிவப்பு விளக்குக்கு நிக்கேக்க ரெகே போகும், பத்து அடி முன்னுக்கு எடுத்தால் செபக்கூட்டம். பின்னுக்கு எடுத்தால் திரும்ப ரெகே. பின்னால நிக்கிறவன் ஹோர்ன் அடிப்பான், கவனம்.

பெப்ரவரி 21

முதல் கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார்: "சரி அண்ணை, அந்தக் கரண்ட் காசை ஆர் கட்டினது?"

கட்டடத்துச் சனம். லிஃப்டுக்கும் படிக்கட்டு விளக்குக்கும் பொதுவா ஒரு மீற்றர். அதின்ர செலவைச் சேவைக் கட்டணம் எண்டு வீட்டுக்கு வீடு பிரிப்பினம். வருசத்துக்குக் கொஞ்சக் காசு கூட வந்திருக்கும். அந்த அம்மா ரிவியும் பார்க்க ஏலாமல், அதுக்குக் காசும் கட்டியிருக்கிறா. இதை நீங்கள் முதல் நாளே கேட்டிருந்தால் நான் இவ்வளவு இழுத்திருக்கத் தேவையில்லை.

இனி என்ர கேள்வி. ஹரோ, வெம்பிளி, சவுத்ஹோல் பக்கம் தொண்ணூறுகளில எஃப்எம்மில லைசென்ஸ் இல்லாமல் தமிழ்க்குரல் ஒண்டு கேட்டதா ஆருக்காவது ஞாபகம் இருக்கோ? கேள்விப்பட்டதெண்டால் வேண்டாம், தங்கட காதால கேட்டவை மட்டும். பேர் எழுதாதேங்கோ. எந்தப் பக்கம், எந்த வருசம், என்ன பாட்டுப் போட்டவை, அது காணும்.